சிவப்புக் கோடு போட்ட முதல் பக்கம்

நான் பழைய பௌத்த ஏடுகளின் மொழியான பாலி சொல்லித்தருகிறவன். ஆல்டன் க்ரீக் கல்லூரியில் முப்பத்தோரு வருடமாக இதுதான் தொழில். இந்த வருடம் என் வகுப்பில் இரண்டே பேர். அதில் ஒருவன் சேர்ந்ததற்குக் காரணம், அந்த நேரத்தில் அவனுக்கு வேறு வகுப்பு எதுவும் கிடைக்கவில்லை.

அதே கட்டடத்தின் மாடியில் ஜூடித் ஆம்செல் நடத்தும் வகுப்புக்கு எழுபது பேர். நாற்காலி போதாமல் ஜன்னல் மேடையில்கூட உட்கார்ந்திருப்பார்கள். ‘சமூகத்தில் இறங்கிய பௌத்தம்’ என்று பாடத்துக்குப் பெயர். கண்ணை மூடித் தியானம் செய், ஆனால் அதோடு நின்றுவிடாதே. எழுந்து போய்ப் பசித்தவனுக்குச் சூப் ஊற்று, சிறையில் கிடப்பவனைப் பார், ஆற்றில் கழிவைக் கொட்டுகிறவனை மறி. இருபது வருடம் முன்பு அவள் இதை ஆரம்பித்தபோது, “ரெண்டு வருஷம்கூடத் தாங்காது” என்று ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன் நான். இன்றைக்கு இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் பாதிக்கு மேல் இதற்கென்று ஒரு மையம், ஒரு பட்டயம், வருடத்துக்கு ஒரு மாநாடு. எங்கள் துறைக்கு இன்னும் பூட்டுப் போடாமல் இருப்பதே ஜூடித்தின் எழுபது பேரால்தான் என்று டீன் ஒருநாள் என் முகத்துக்கு நேரே சொன்னார். யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஜூடித்துக்கும் எனக்கும் பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. சின்னச் சண்டைகள்தான், முப்பது வருடத்துக்கும் சேர்த்து. அவள் எந்தக் கூட்டத்தையும் ஒரு வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி, மூன்று மூச்சு இழுக்கச் சொல்லித்தான் தொடங்குவாள். அந்த மூன்று மூச்சு நேரத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். அவளுக்கு ஒரு கதை உண்டு. எண்பதுகளில், மாணவியாக இருந்தபோது, ஏவுகணைத் தளத்தின் வேலியேறிக் குதித்துப் பதினோரு மாதம் சிறையில் இருந்த கதை. துறை விருந்துகளில் இரண்டாவது கிளாஸ் ஒயினுக்கு மேல் அந்தக் கதை நிச்சயம் வரும். அதில் ஒரு ஓட்டைப் போர்வை வரும். அந்த இடம் வந்ததும் நான் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதற்கு மேல் கதை என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

போன ஜனவரியில் ஜூடித்துக்கு முழங்கால் அறுவை. புதன்கிழமைதோறும் ஏரிக்கரைச் சிறைக்குப் போய் அவள் நடத்தும் பாடத்தை யாராவது எடுக்க வேண்டும். டீன் என்னைப் பார்த்தார். இரண்டு மாணவர்களை வைத்துக்கொண்டு சம்பளம் வாங்குகிறவன் எந்த முகத்தோடு மாட்டேன் என்பது? அவளுடைய பாடத்திட்டத்தை அப்படியே நகல் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வரிகூட மாற்றவில்லை. மாற்றியிருக்க வேண்டும்.

சிறைக்குள் போவது பெரிய வேலை. பெல்ட்டைக் கழற்ற வேண்டும், ஸ்டேப்ளர் பின்னைக்கூடப் பிடுங்கிப் போட வேண்டும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையில் இரண்டே இரண்டு பேனா. ஒரு கதவு பின்னால் மூடினால்தான் அடுத்த கதவு திறக்கும். வகுப்பில் பன்னிரண்டு பேர். காவலர்கள் அவர்களை மொட்டையாகக் குடும்பப் பெயர் சொல்லிக் கத்துவார்கள். நான் மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிட்டேன்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் ரோஸ்கோ பேரிஷ். வயது ஐம்பத்தொன்று, இருபத்துமூன்று வருடமாக உள்ளே இருக்கிறார். ஏழு வருடமாகப் பட்டத்துக்குப் படிக்கிறார், என் பாடம்தான் கடைசி. அது முடிந்தால் பட்டம், பட்டம் கிடைத்தால் தண்டனையில் ஆறு மாதக் குறைப்பு. பிப்ரவரியில் வெளியே வர வேண்டியவர் இந்த ஆகஸ்டிலேயே வந்துவிடலாம். அவர் மகள் டெஸ்ஸாவுக்குச் செப்டம்பரில் பிரசவம். அவள் பிறந்தபோது அவர் லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ இருந்தாராம்.

“இந்தத் தடவையாவது ஆஸ்பத்திரி வராந்தாவுல நிக்கணும் புரொஃபசர். உள்ளகூட விட வேணாம். வராந்தா போதும்” என்றார் ஒருநாள். வேறெதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை.

ஜூடித்தின் பாடத்திட்டத்தில் பாதி மதிப்பெண் ஒரு களக் கட்டுரைக்கு. துன்பம் இருக்கும் இடத்துக்குப் போய் உட்கார், இரண்டு பேரிடம் பேசு, எழுது. கல்லூரிப் பிள்ளைகள் இதற்காகக் காரை எடுத்துக்கொண்டு போவார்கள். நான் சிறையில் இதை வாசித்ததும் பின்வரிசையில் ஒருவர், “நாங்க எந்தப் பஸ்ஸைப் பிடிக்கணும் சார்?” என்றார். வகுப்பே சிரித்தது. என் காது சூடாகிவிட்டது.

ரோஸ்கோ மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்தச் சிறை ஆஸ்பத்திரியில் சாகக் கிடப்பவர்களின் படுக்கையோரம் உட்கார்ந்திருக்கும் வேலையை விரும்பிச் செய்து வந்தவர். பஸ் அவருக்குத் தேவைப்படவில்லை. மார்ச்சில் செத்துப்போன கிம்பிள் என்ற கிழவரைப் பற்றிப் பதினாலு பக்கம், பென்சிலில், குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் சமையலறை மேசையில் வைத்துப் படித்தேன். படித்து முடிக்கும்போது காபி ஆறிப்போயிருந்தது. அழுதேன் என்று சொல்லிக்கொள்ள இந்த வயதில் எனக்கு வெட்கமில்லை.

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். மதிப்பெண் போட்டுவிட்டுப் படுத்திருக்கலாம். ஆனால் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? அக்டோபரில் ஜூடித்தின் மையம் நடத்தும் பெரிய மாநாடு, முப்பது கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். இவர்களுக்கெல்லாம் கட்டுரை என்றால் என்ன என்று நான் காட்டுகிறேன், என் மாணவர் எழுதியது இது, என்று தோன்றிவிட்டது. கட்டுரையைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். எழுதியவர் ரோஸ்கோ பேரிஷ், வாசிப்பவர் வால்டர் ஹாஸ்கெல். படிவத்தில், ‘உயிருள்ள மனிதர்களைப் பற்றிய ஆய்வா? அனுமதி எண் என்ன?’ என்று ஒரு கேள்வி. ‘பொருந்தாது’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். நான் ஆய்வு செய்கிறவர்கள் எல்லாம் செத்து இரண்டாயிரம் வருடம் ஆகிறது. முப்பத்தோரு வருடமாக அந்தக் கட்டத்தில்தான் டிக் அடித்து வந்திருக்கிறேன்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அறநெறிக் குழு அலுவலகத்திலிருந்து டாரீன் போனில் கூப்பிட்டார். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு எதுவானாலும் அந்தக் குழுவின் அனுமதி வேண்டும், அந்தக் கோப்புகளையெல்லாம் கட்டிக் காப்பவர் அவர். குரலை உயர்த்த மாட்டார். அதுதான் பயம்.

“புரொஃபசர் ஹாஸ்கெல், கைதிங்களைப் பேட்டி எடுத்திருக்கீங்க.”

“நான் எடுக்கலை. என் மாணவர் எடுத்தார்.”

“அனுமதி வாங்காம.”

“அம்மா, அவரே கைதி. கூட இருந்த கைதிகிட்டப் பேசினார். அதுக்கும் அனுமதியா?”

“கைதிங்கன்னா சட்டத்துல தனிப் பாதுகாப்பு. கேக்கறவர் யாராயிருந்தா என்ன? வகுப்புக்குள்ள இருந்தவரைக்கும் அது வீட்டுப்பாடம். நீங்க மாநாட்டுக்கு அனுப்பினதும் ஆய்வு ஆயிடுச்சு. குழு தீர்ப்புச் சொல்றவரைக்கும் அந்தக் கட்டுரைக்கு மதிப்பெண் போட முடியாது.”

“மதிப்பெண் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள்ள போகணுமே!”

“தெரியும். அதனாலதான் இப்பவே கூப்பிட்டேன்.”

பட்டம் பெறுகிறவர்களின் பட்டியல் வெள்ளி மதியம் மாநிலத் தலைநகருக்குப் போகும். அடுத்த பட்டியல் டிசம்பரில். டிசம்பர் பட்டியல் வந்து யாருக்கு என்ன பிரயோசனம்? வேறு கட்டுரை எழுதி வாங்கிவிடலாம் என்று சிறைக் கல்வி அதிகாரியைக் கூப்பிட்டால், இந்த வாரம் முழுக்கச் சோதனை, கைதிகள் அறையை விட்டு வர முடியாது, ஆள் உள்ளே போக முடியாது, தாள் வெளியே வர முடியாது என்றார். ரோஸ்கோவிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட வழியில்லை. அவர் உள்ளே உட்கார்ந்து ஆகஸ்டை நினைத்துக்கொண்டிருப்பார்.

புதன் காலை டாரீனின் அலுவலகத்துக்கே போய் நின்றேன். “குழுவைக் கூட்டுங்க. நான் கால்ல விழறேன்.”

“கூட்டலாம். ஆனா செல்லாது” என்றார். “கைதிங்க சம்பந்தப்பட்டதைப் பார்க்கணும்னா குழுவுல கைதியா இருந்த ஒருத்தராவது, அவங்க சார்பா பேசத் தகுதியான ஒருத்தராவது உக்காரணும். நம்மகிட்ட இருந்தவர் ரெண்டு வருஷம் முன்னாடி அரிசோனாவுக்குப் போயிட்டார். அந்த நாற்காலி காலி.”

“யாரையாவது போடுங்களேன்!”

“டீன் ஒரு வரி எழுதினாப் போதும், போட்டுடலாம். ஆள் வேணுமே? இந்தக் கல்லூரியில ஜெயிலுக்குப் போனவங்க யாரு இருக்காங்க, சொல்லுங்க.”

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. யார் இருக்கிறார்கள்? எத்தனை விருந்தில், எத்தனை கிளாஸ் ஒயினுக்கு மேல் நான் அதைக் கேட்டிருப்பேன்! ஓட்டைப் போர்வை!

மாடி ஏறினேன். ஜூடித் அறையில் நாற்காலி கிடையாது, மெத்தைகள்தான். முழங்காலுக்காக அவளுக்கு மட்டும் ஒரு சாய்வு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் நின்றேன்.

“வால்டரா? மாடிக்கு வழி தெரியுமா உனக்கு?” என்றாள். “உக்காரு.”

“நிக்கறேன். ஒரு உதவி வேணும்.”

“ரெண்டு வருஷம் தாங்காத பாடத்துக்கிட்ட உனக்கென்ன உதவி?”

எல்லாம் சொன்னேன். படிவத்தில் டிக் அடித்ததையும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், “ஆக, என் ஜெயில் கதை உனக்கு இப்போ வேணும்” என்றாள்.

“ஆமா.”

“கடைசிவரைக்கும் கேட்டிருக்கியா அதை?”

“போர்வை வரைக்கும்.”

“தெரியும். போர்வைன்னதும் நீ கோட்டைத் தேடுவே. இப்போ கோட்டு இல்ல, உக்காரு.”

மெத்தையில் உட்கார்ந்தேன். என் முழங்காலும் ஒன்றும் இளசு இல்லை.

ஓட்டைப் போர்வை லூசில் என்ற பெண்ணுடையது. ஜூடித்துக்குப் பக்கத்துக் கட்டில்காரி. அந்தச் சிறைக்கு ஒரு பேராசிரியர் வருவார், ரொம்ப நல்லவர், சாக்லேட் கொண்டுவருவார். லூசில் அவரிடம் மனசு விட்டுப் பேசினாள். அடுத்த வருடம் அவர் ஒரு புத்தகம் போட்டார். பெயரை மாற்றியிருந்தார், ஆனால் ஊரும் தெருவும் நடந்த சம்பவமும் அப்படியே இருந்தன. லூசிலின் அம்மா அதைப் படித்தார். அதற்கப்புறம் மகளைப் பார்க்கவே வரவில்லை.

“எழுதட்டுமான்னு ஒரு வார்த்தை அவர் கேட்கலை, வால்டர். அந்தக் கதையோட முடிவு இதுதான். இதுக்காகத்தான் நான் எல்லாக் கூட்டத்துலயும் அதைச் சொல்றேன். எல்லாரும் வேலியேறின வீரத்துக்குக் கை தட்டிட்டுப் போயிடறாங்க.”

முப்பது வருடம் கோட்டைத் தேடியிருக்கிறேன்.

“வர்றேன்” என்றாள். “ஆனா உனக்காகவோ உன் மாணவருக்காகவோ இல்ல. செத்துப்போன அந்தக் கிம்பிளுக்காக வருவேன். கேள்வி கேப்பேன். பதில் இல்லேன்னா எதிர்த்துத்தான் ஓட்டு. சம்மதமா?”

சம்மதம் என்றேன். வேறு வழியும் இல்லை. டீன் அன்று மாலையே ஒரு வரி எழுதிக் கொடுத்தார். உடைந்த படகுக்கு ஒரு துடுப்புக் கிடைத்துவிட்டது என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அசட்டு நிம்மதி.

வெள்ளிக்கிழமை பத்தரை மணி. குழு கூடியது. தலைவர் வேதியியல் துறை பர்டிக். கூடவே நர்சிங் துறையிலிருந்து ஒருவர், ஊர்ப் பாதிரியார் ஒருவர், ஜூடித். டாரீன் குறிப்பு எடுத்தார். நான் சுவரோரம் உட்கார்ந்தேன். எல்லோர் முன்னாலும் ரோஸ்கோவின் கட்டுரை, என் அழகான தட்டச்சில், அவருடைய ஒரு பக்கத்துக்கு என் ஒரு பக்கமாக, பதின்மூன்று பக்கம்.

பாதிரியார் மூக்கை உறிஞ்சினார். நர்சிங் அம்மா, “எங்க பிள்ளைங்க எல்லாருக்கும் இதைப் படிக்கக் கொடுக்கணும்” என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஜூடித் கண்ணாடியைக் கழற்றினாள். “எனக்கு ஒரே ஒரு கேள்வி. இந்த ஆளு அந்தக் கிழவர்கிட்ட ‘எழுதட்டுமா’ன்னு கேட்டாரா? நான் ரெண்டு தடவை படிச்சேன். எந்தப் பக்கத்துலயும் இல்லை. கிம்பிள் இனிமே வந்து சொல்ல மாட்டார். பேரிஷையும் இன்னிக்குக் கேக்க முடியாது. கேட்டாருன்னு நாமளா வச்சுக்க முடியாது.”

பர்டிக் என்னைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. பதின்மூன்று பக்கம்! அவர் கொடுத்தது பதினாலு.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, பாடத்தை விட்டு விலகி, ஓலைச்சுவடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஏடு எழுதியவன் கடைசியில் தன் பெயரை எழுதுவான், யாருக்காக எழுதினேன், யாரைக் கேட்டு எழுதினேன் என்று ஒரு குறிப்பு வைப்பான், அந்தக் குறிப்பு இல்லாத ஏடு அப்பன் பெயர் தெரியாத பிள்ளை என்று அளந்து விட்டேன். ஏட்டிலிருக்கும் ஒரு வரியையும் எடுக்காதே, பிழை போலத் தோன்றினாலும் எடுக்காதே, கீழே குறிப்புப் போடு என்றும் சொன்னேன். இது என் வேதம். முப்பத்தோரு வருடமாகப் பிறர் பதிப்பித்த நூல்களில் காணாமல்போன வரிகளைக் கண்டுபிடித்துக் காறித் துப்பியே பெயர் வாங்கியவன் நான்.

ரோஸ்கோ அதைக் கேட்டிருந்தார். கேட்டு, தன் கட்டுரைக்கு முன்னால் அதே மாதிரி ஒரு பக்கம் வைத்திருந்தார். அதைப் பார்த்த நான், மாநாட்டுக்கு இந்தச் சொந்தக் கதை எதற்கு என்று குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து தட்டச்சு செய்தேன்.

“ஒரு பக்கம் இருந்தது” என்றேன். “நான் அடிச்சுட்டேன்.”

“எதை அடிச்சே?” என்றாள் ஜூடித்.

“முதல் பக்கத்தை. அதுல என்ன இருந்ததுன்னு வரி வரியா ஞாபகமில்ல. ஆனா அதுலதான் இருக்கணும்.”

“நீயா? நீயா வரியை எடுத்தே?”

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு நான் வெட்டுப்பட்டே செத்திருக்கலாம். பர்டிக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. “அந்தத் தாள் எங்கே?”

“ஆபீஸ்ல. நான் எதையும் தூக்கிப் போடறதில்ல.”

“ஓடுங்க” என்றார் டாரீன். குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

அறுபத்திரண்டு வயதில் நான் ஓடினேன். புல்வெளியில் பட்டமளிப்புக்குப் போட்டிருந்த நாற்காலி வரிசைகளுக்கு நடுவே, இரண்டைத் தட்டிவிட்டு, ஓடினேன். என் அறை நிலவறையில் இருக்கிறது. அங்கே மேசை இருப்பதே ஊகம்தான், எல்லாம் காகிதம். வலது மூலைக் குவியலில் தேர்வுத்தாள்கள். இடது மூலையில் செத்துப்போன ஒரு நண்பரின் அகராதி அட்டைகள். எங்கே வைத்தேன்? எங்கேடா வைத்தாய், பாவி? ஜன்னலோரக் குவியலைத் தரையில் சரித்தேன். பிளாஸ்டிக் பை. சிறைக்கு எடுத்துப்போகும் அதே பை. உள்ளே குண்டு குண்டான பென்சில் எழுத்து, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

படிக்கவில்லை. படிக்கப் பயம். எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். வாசலில் பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினொன்று முப்பத்தைந்து.

“மூணு மூச்சு” என்றாள் ஜூடித். கிண்ணம் இல்லை, கையால் மேசையைத் தட்டினாள்.

இழுத்தேன். அன்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது மூச்சில் மார்பு இறங்கியது. தாளை அவளிடம் நீட்டினேன். அவள் உரக்கப் படித்தாள்.

“என் பேரு ரோஸ்கோ பேரிஷ். சாகப்போறவங்க பக்கத்துல உக்காந்திருக்கறது என் வேலை. இதை நான் எழுதட்டுமான்னு கிம்பிளை மூணு தடவை கேட்டேன். முதல் தடவை சரின்னாரு, ஆனா மருந்து மயக்கத்துல இருந்தாரு, அதனால அது சேர்த்தி இல்ல. ரெண்டாவது தடவை காலைல, தெளிவா இருக்கும்போது கேட்டேன். எழுது, நான் திட்டினதையும் சேர்த்து எழுது, என் தங்கச்சி பேரை மட்டும் போடாதேன்னாரு. போடலை. மூணாவது தடவை எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். ஒரு இடத்துல கையைத் தூக்கினாரு. அந்த இடத்தை எடுத்துட்டேன். அடுத்த கட்டில்ல இருக்கற டெல்காடோகிட்டயும் கேட்டேன். அவரு வேண்டாம்னுட்டாரு. அதனால டெல்காடோவைப் பத்தி இதுல எதுவும் கிடையாது.”

படித்து முடித்த பிறகும் அவள் தாளைக் கீழே வைக்கவில்லை.

“நாப்பது வருஷமா நான் இந்தப் பக்கத்துக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்” என்றாள். கண் கலங்கியிருந்தது, துடைக்கவும் இல்லை. “லூசிலுக்கு இதைப் படிச்சுக் காட்டணும் போல இருக்கு.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “இதைப் போய் அடிச்சியே, கழுதை.”

“அடிச்சேன்” என்றேன்.

பர்டிக் கை தூக்கச் சொன்னார். ஐந்து வினாடியில் எல்லாக் கையும் மேலே. ஜூடித் இரண்டு கையையும் தூக்கியதாகப் பிறகு டாரீன் சொன்னார், நான் பார்க்கவில்லை. எனக்குக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. டாரீன் தன் கணினியை என் பக்கம் திருப்பினார். என் கடவுச்சொல் காலாவதியாகி இருந்தது. இருக்காதா பின்னே! புதிதாக ஒன்று வைக்கச் சொல்லி அது கேட்டது, இரண்டு முறை தப்பாக அடித்தேன், மூன்றாம் முறை டாரீன் என் கையைத் தட்டிவிட்டு அவரே அடித்தார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ரோஸ்கோ பேரிஷின் பெயருக்கு எதிரே ‘ஏ’ என்ற உயர்ந்த தரம் விழுந்தது. நான் நாற்காலியில் சரிந்தேன். பாதிரியார் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தண்ணீர் அப்படி ஒரு ருசி.

அடுத்த புதன்கிழமை சிறை திறந்தது. பெல்ட்டைக் கழற்றி, பையைக் காட்டி, கதவு கதவாகக் காத்து உள்ளே போனேன். பாடம் முழுவதும் முடிந்துவிட்டதால் ரோஸ்கோ மட்டும் வந்திருந்தார். கல்வி அதிகாரி ஏற்கனவே சொல்லிவிட்டிருந்தார். ரோஸ்கோ என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் மேசைமேல் விரித்துவைத்துச் சிரித்தார்.

“ஆகஸ்ட் பதினாலு” என்றார். “டெஸ்ஸாகிட்ட போன்ல சொன்னேன். அழறா. ஏன்டி அழறேன்னா, நீங்க வராந்தாவுல நின்னா எனக்கு டென்ஷனா இருக்கும், உள்ளயே வந்துடுங்கப்பாங்கறா.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டிக் அடித்தது, ஓடியது, கடவுச்சொல். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காவலர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். கடைசியில் அந்தப் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சிரிப்பு நின்றது. சிவப்புக் கோட்டை விரலால் தடவினார்.

“இதை அடிச்சீங்களா?”

“அடிச்சேன், மிஸ்டர் பேரிஷ். தப்பு. மன்னிக்கணும்.”

“அது சரி. பேப்பர்னா அடிக்கறதுதான்.” தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஆனா ஒண்ணு கேக்கறேன் புரொஃபசர், கோவிச்சுக்காதீங்க. இதை மாநாட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, அனுப்பட்டுமான்னு என்கிட்டக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அது என் புத்தியில் எட்டவே இல்லை. சாகக் கிடந்தவரிடம் மூன்று முறை கேட்டவர் அவர். உயிரோடு, வாரா வாரம் என் எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு முறை கேட்காதவன் நான். லூசிலுக்குச் சாக்லேட் கொண்டுவந்த அந்த நல்ல மனிதருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“கேட்கலை” என்றேன்.

“இப்போ கேளுங்க.”

கேட்டேன். “மிஸ்டர் பேரிஷ், உங்க கட்டுரையை அக்டோபர் மாநாட்டுல நான் படிக்கட்டுமா?”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். வெளியே யாரோ யாரையோ குடும்பப் பெயர் சொல்லிக் கத்தினார்கள்.

“வேண்டாம்” என்றார்.

நான் தலையசைத்தேன். டெல்காடோ வேண்டாம் என்றதற்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் இதற்கும்.

“அக்டோபர்ல நான் வெளிய இருப்பேனே புரொஃபசர்! நானே வந்து படிக்கறேன். முதல் பக்கத்துலேர்ந்து.” மறுபடியும் சிரித்தார். “நீங்க முன்வரிசைல உக்காந்து கை தட்டுங்க, போதும்.”

மாநாட்டுப் படிவம் பையில்தான் இருந்தது. வாசிப்பவர் என்ற இடத்தில் இருந்த என் பெயரை அடித்துவிட்டு, படிவத்தையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினேன். அவர் தன் பெயரைக் குண்டு குண்டாக எழுதினார்.